நாலு டிவிசனும் விளையாடிய அண்ணை

இங்கிலாந்தில் பிறந்து, அங்கேயே பல்லு விழுந்து, அங்கேயே பென்சன் எடுக்கிற வெள்ளைக்காரருக்கும் தெரியாத ஒரு விசயம், சுவிசில் லாங்கன்தால் என்ற ஊரின் சலவை ஆலையில் படுக்கை விரிப்பு மடித்த ஒரு சாவகச்சேரி மனிதருக்குத் தெரிந்திருந்தது. உலகத்தில் அவரை விட்டால் அது தெரிந்த இன்னொரு ஆள் கிடையாது. எந்தக் கோயிலிலும் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்வேன்.

அந்த விசயம் இதுதான். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர்க் கால்பந்துக் கிளப், தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை எந்த வருடம் எந்த டிவிசனில் எத்தனையாம் இடத்தில் நின்றது என்பது.

சுவிசில் வளரும் பிள்ளைகளே, பந்து விளையாடுகிறவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே லீக் என்பது நாலு படி. ஒவ்வொரு படியும் ஒரு டிவிசன். வருட முடிவில் ஒவ்வொரு படியிலும் முன்னுக்கு நிற்கிற கிளப்புகள் ஒரு படி ஏறும், பின்னுக்கு நிற்கிறவை ஒரு படி இறங்கும். நாலாம் டிவிசனிலும் கடைசிக்குப் போனால் லீக்கை விட்டே வெளியே. ஏறியவர் இறங்குவதும் இறங்கியவர் ஏறுவதும்தான் அங்கே திருவிழா.

கிளப்பின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினாலும் உங்களுக்குத் தெரியாது. அந்த மனிதரின், அதாவது எங்கள் அண்ணையின், லண்டனில் குடியிருக்கும் சொந்த மச்சானுக்கே தெரியாது. "அப்பிடியும் ஒரு ஊர் இருக்கோ?" என்று மச்சான் ஒருமுறை டெலிபோனில் கேட்டுவிட்டார். மூன்று மாதம் அண்ணை அவரோடு கதைக்கவில்லை.

அவரை நாங்கள் டிவிசன் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். பிள்ளைகளுக்கு டிவிசன் மாமா. ஆலை முதலாளியின் பட்டியலில் அவருக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. அதை வாசிக்க முதலாளி இரண்டு தரம் முயன்றார். பிறகு அவரும் "டிவிசன்" என்றே கூப்பிடத் தொடங்கினார்.

அண்ணை அந்தக் கிளப்பின் ஒரு ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. அகதி முகாமில் இருந்தபோது, யாரோ தானமாகக் கொடுத்த உடுப்புப் பெட்டியில் அவருக்கு ஒரு கம்பளிக் கழுத்துத்துண்டு கிடைத்தது. அதில் அந்தக் கிளப்பின் சின்னம் இருந்தது.

"தம்பி, பனியில என்னைக் காப்பாத்தினது அந்தத் துண்டு. உப்புத் திண்ட வீட்டை மறக்கலாமோ?" என்பார்.

அண்ணைக்கு உலகத்தில் எல்லாமே நாலு டிவிசன்தான். சுவிசுக்கு வந்த புதிதில் எங்களுக்குத் தருவது 'என்' என்ற ஆங்கில எழுத்துப் போட்ட அகதி விசா. பிறகு எஃப். பிறகு பி. கடைசியாக சி, அதாவது நிரந்தரமாக இருக்கலாம். நீங்கள் அதை உங்கள் அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், பெருமூச்சோடு சொல்வார்கள். அண்ணை பெருமூச்சு விடமாட்டார்.

"நான் நாலாம் டிவிசனில தொடங்கி, ஒரு டிவிசனும் விடாமல் விளையாடி மேல வந்தனான். நேர முதலாம் டிவிசனுக்கு வந்தவனுக்கு என்ன தெரியும்?"

ஆனால் ஒரு கெட்ட பொருத்தம். அண்ணை ஏற ஏறக் கிளப் இறங்கியது. அவர் சி விசா எடுக்க நகரசபைக்குப் போன அதே கிழமைதான் கிளப் நாலாம் டிவிசனுக்கு விழுந்தது. அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு, அண்ணை விக்கி விக்கி அழுதார். கவுண்டரில் இருந்த பெண் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துத் தன் கைலேஞ்சியைக் கொடுத்தார். பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர் எழுந்து வந்து கைகொடுத்தார்.

"என்ன அண்ணை சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்லுறது? அந்தப் பிள்ளை நல்ல மனசோட லேஞ்சி தருகுது. கடைசி மச்சில ரெண்டு கோல் விட்டவங்கள் எண்டு அதுக்குச் சொல்லேலுமோ?"

ஆலையிலும் இதே கதைதான். ஹோட்டல் விரிப்புகள் முதலாம் டிவிசன். கொஞ்சம் நைந்தவை விடுதிகளுக்கு, இரண்டாம் டிவிசன். இன்னும் நைந்தால் மூன்று. கறை போகாதவை நாலு, அவற்றை வெட்டித் துடைக்கிற துணியாக்குவோம். நான் ஒருநாள் கோப்பிக் கறை பட்ட ஒரு ஹோட்டல் விரிப்பை வெட்டுகிற பெட்டிக்குள் எறிந்துவிட்டேன். அண்ணை பாய்ந்து வந்து எடுத்தார்.

"ஒரு மச்சில தோத்ததுக்கு மூண்டு டிவிசன் இறக்கிறதோ? நீயெல்லாம் மனிசனோ?"

மூன்று தரம் தோய்த்தார். கறை போய்விட்டது. அதை மடித்து, உச்சி முகராத குறையாக ஹோட்டல் வண்டியில் ஏற்றினார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக அவரிடம் ஒரு சுருள் இருந்தது. ஆலையில் பொதி சுற்றுகிற தாளில் கிளப்பின் முழு வரலாற்றையும் ஒரே கோடாகக் கீறி வைத்திருந்தார். குறுக்கே நாலு பட்டை, நாலு டிவிசன். அதன் ஊடாகச் சிவப்புப் பேனைக் கோடு ஏறும், இறங்கும், தவழும், துள்ளும். வீட்டுக்கு ஆர் வந்தாலும் தேத்தண்ணிக்கு முதல் சுருள் விரியும். வரவேற்பறையில் தொடங்கிக் குசினிக் கதவு வரை போகும். அக்கா, அதாவது அவருடைய மனைவி, அதன் மேல் மிதிக்காமல் தேத்தண்ணித் தட்டோடு நடக்கப் பழகியிருந்தார். சர்க்கஸ் பார்த்த மாதிரி இருக்கும்.

"இங்க பார், மூண்டாம் டிவிசன். அதுதான் எங்கட கிளப்பின்ர சொந்த வீடு. கூடின காலம் அதிலதான் இருந்தது. இப்ப அதுக்கு லீக் ஒண்டு எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள். மூண்டாவதுக்கு ஒண்டு எண்டு பேர்! எண்ணத் தெரியாதவங்கள் எப்பிடித் தம்பி எங்களை ஆண்டவங்கள்?"

இப்படிப்பட்ட மனிதரை நான் என் மகளின் பள்ளிக்கூடத்துக்கு மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். என் புத்தியை என்ன சொல்ல!

நடந்தது இதுதான். ஆறாம் வகுப்பு முடிய இங்கே பிள்ளைகளைப் பிரிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். புள்ளி கூடினவர்களுக்குச் செக் என்ற மேல்பிரிவு, மற்றவர்களுக்கு ரெயால் என்ற கீழ்ப்பிரிவு. கோயில் மண்டபத்தில் எங்கள் சனம் சுகம் விசாரிப்பதற்கு முதல் கேட்பது, "உங்கட பிள்ளை செக்கோ?" என்றுதான். என் மகள் ஆரணிக்கு ரெயால் என்று வகுப்பு ரீச்சர் எழுதி அனுப்பினார். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். அந்தக் கடிதத்தை என் முகத்தில் அடித்த மாதிரி எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து ஆரணியோடு கதைப்பதை நிறுத்திவிட்டேன். திட்டவில்லை, அடிக்கவில்லை, கதைக்கவில்லை. அதுவும் ஒரு அடிதான் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பெற்றோர் சம்மதிக்காவிட்டால் பிள்ளைக்கு ஒரு மறுசோதினை வைப்பார்கள். அதைக் கேட்கத்தான் ரீச்சரைச் சந்திக்கப் போவதாக இருந்தேன். ஆனால் என்னுடைய ஜேர்மன் சலவை இயந்திரத்தோடு கதைக்கத்தான் போதும். அண்ணையின் ஜேர்மன் நல்லது. தேடிப் போய்ச் சொன்னேன்.

"என்ன தம்பி, முகம் நாலாம் டிவிசனில கிடக்கு? விடு. நான் கதைக்கிறன். மேல ஏத்திப்போட்டுத்தான் மற்ற வேலை."

குறித்த நாளில் கலியாண வீட்டுக்குப் போகிற கோட்டும் சூட்டுமாக வந்தார். அக்குளில் சுருள்.

"அது என்னத்துக்கு அண்ணை?"

"ஆதாரம்."

வகுப்பறையில் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் நாடியைத் தொட உட்கார்ந்தோம். ஆரணியும் இருந்தாள். ரீச்சர் ஏதோ தொடங்கினார். அண்ணை கையைக் காட்டி நிறுத்தி, சுருளை விரித்தார். அது நாலு மேசையைத் தாண்டி, பூச்சாடியைச் சுற்றி, ஜன்னல் வரை போனது.

எனக்கு அங்கே விளங்கிய சொற்கள் "லீகா", "ஃபியர்", அதாவது நாலு, மறுபடி "லீகா". ஆனால் அண்ணையின் விரல் என்ன சொல்கிறது என்று நன்றாக விளங்கியது. இறங்கினோம், பார். ஏறினோம், பார். விரல் ஏறும்போது குரலும் ஏறியது. ரீச்சர் முதலில் நேரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்தே வந்துவிட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது ரீச்சர் சுருளில் ஒரு இடத்தைத் தொட்டு ஒரு சின்னக் கேள்வி கேட்டார். கோட்டின் ஆக உயர்ந்த இடம். அண்ணையின் விரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது. அவரைத் தெரிந்த இத்தனை காலத்தில் சுருள் விரிந்திருக்க அவர் பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு ஆரணியிடம் திரும்பி ஏதோ கேட்டார். அவள் நிறையக் கதைத்தாள். ரீச்சர் எழுதினார். அண்ணை பேனையை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, வை கையெழுத்து."

தடிப்பாக வைத்தேன்.

பஸ் தரிப்பிடத்தில் கேட்டேன். "எப்ப அண்ணை மறுசோதினை?"

"அப்பிடி ஒண்டும் இல்லை. ரெயாலுக்கு ஓம் எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறாய்."

"அண்ணை! நீங்கள் எனக்காகக் கதைக்க வந்தனீங்களோ, ரீச்சருக்காக வந்தனீங்களோ?"

"உனக்காகத்தான் வந்தனான். என்ர பேப்பர் மற்றப் பக்கம் சாய்ஞ்சு போச்சு." அண்ணையின் குரல் இறங்கியது. "எங்கட கிளப் முதலாம் டிவிசனில இருந்தது ஒரே ஒரு சீசன். அந்த வருசம் அவையள் சந்தோசமா விளையாடினவையோ எண்டு ரீச்சர் கேட்டா. எத்தினை வருசமா இதைச் சுருட்டி விரிக்கிறன், ஒருநாளும் எனக்கு அந்தக் கேள்வி வரேல்லையடா. கிழமைக்குக் கிழமை அடி வாங்கினாங்கள். நல்ல பெடியனுக்கும் பந்தைக் கண்டாப் பயம். பிறகு விழுந்த விழுகை நாலாம் டிவிசனிலதான் போய் நிண்டது. அதுகளுக்கு அவசரப்பட்டு ஏறினதுதான் பிழை."

"கிளப்பும் என்ர பிள்ளையும் ஒண்டோ?"

அப்போதுதான் ஆரணி வாய் திறந்தாள். "அப்பா, கணக்கு மட்டும் செக்கில. மிச்சம் ரெயாலில. நல்லாச் செய்தா அரை வருசத்தில மற்றதும் மாறலாம். நான்தான் அப்பிடி வேணும் எண்டு சொன்னனான். மாமா என்னைத்தான் கேட்டவர்."

"இதை நீ ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் ஒன்பது நாளா என்னோட கதைக்கேல்லையே அப்பா."

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். விரிப்பை வெட்டுகிற பெட்டிக்குள் எறிந்த அன்றுகூட அவர் அப்படிப் பார்க்கவில்லை.

"ஒன்பது நாளோ? கிளப் விழுந்தவுடன வீட்டை போற சனத்தை நான் ரீவியில கண்டிருக்கிறன். அதுகளுக்குப் பேர் ரசிகரில்லை. வெண்டாக் கைதட்ட மட்டும் வாற கூட்டம். உன்னையும் அதுக்குள்ள பாப்பன் எண்டு நான் நினைக்கேல்லை."

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. சூட்டும் சுருளுமாக மழைத்தூறலில் நடந்தே போனார். பஸ்ஸில் எனக்கும் ஆரணிக்கும் நடுவில் ஒரு வெறும் இருக்கை இருந்தது. இரண்டு தரிப்பிடம் போனபின் அதில் மாறி இருந்தேன்.

"பசிக்குதோ?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றாள். ஒன்பது நாள் கழித்து எங்கள் வீட்டுக் கதை அப்படித்தான் தொடங்கியது.

ஆனால் அண்ணை என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கொரு முனை. அவர் எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிச் சுவரைப் பார்ப்பார். பேசாமல் இருக்கிற மனிதரோடு நாளெல்லாம் விரிப்பு மடித்துப் பாருங்கள், ஆரணி எப்படி இருந்திருப்பாள் என்று எனக்குச் சொல்லியா தரவேண்டும்?

அந்தத் தண்டனை கோயில் மண்டபத்தில்தான் முடிந்தது. பந்தியில் ஒருவர் எல்லோருக்கும் கேட்க, "என்ன, உங்கட மகள் செக்கோ?" என்றார். பக்கத்தில் ஆரணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"ரெயால்," என்றேன். என் குரல் நான் நினைத்ததை விடப் பெரிதாக வந்தது. "கணக்கு மட்டும் செக். கெட்டிக்காரி, தானே கேட்டு எடுத்தவள்."

எதிர் வரிசையில் அண்ணை சுவரைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, உந்தச் சாம்பாரை இஞ்சால தள்ளு. இண்டைக்கு ரெண்டாம் டிவிசன்தான், ஆனாலும் போராடுது," என்றார்.

ஆரணி பிறகு ஜேர்மனிலும் மேலே மாறினாள். பிரெஞ்சில் கடைசிவரை மாறவில்லை, அதைப்பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. இப்போது ஒரு அளவுக்கருவி செய்யும் இடத்தில் தொழில் பழகுகிறாள். காலையில் பாட்டோடு போகிறாள்.

அண்ணை ஓய்வெடுத்துச் சோலோதுர்ன் நகருக்குக் குடிபோய்விட்டார். கிளப் இன்னும் நாலாம் டிவிசனில்தான். சில வருடம் ஏழாம் இடம், சில வருடம் வெளியே விழாமல் மயிரிழையில் தப்பும். அந்த ஊர் இங்கிலாந்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்கு வரைபடத்தில் காட்டத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் முடிவைப் பார்த்துவிடுவேன். தோற்றிருந்தால், உடனே போனை எடுத்து, அண்ணை சாப்பிட்டாரோ என்று அக்காவிடம் கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது.