கேட்பவர் பணியிடம்

பாட்டு என்பது பாடுகிறவருடைய வேலை என்றே உலகம் இத்தனை நூற்றாண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தது. அது தவறு என்று 2006ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் கண்டுபிடித்த பெருமை, காரைக்கால் வட்டாரத்துக் கோயில்களுக்கென்று அமைக்கப்பட்ட ‘ஆலயப் பண்ணிசைக் கண்காணிப்புப் பிரிவு’ என்பதையே சாரும். பிரிவில் மொத்தம் ஏழு பேர். ஏழு பேரில் ஒருவருக்கும் பாடத் தெரியாது. அதனால்தான் பாரபட்சமில்லாமல் சிந்திக்க முடிந்தது.

அந்தக் கண்டுபிடிப்பு ஒரு பழுப்பு உறைக்குள் அடங்கி, கோட்டுச்சேரிக்கு அருகே நெய்தலீசுவரர் கோயிலுக்கு வந்து சேர்ந்தது. நிர்வாக அதிகாரி குணசேகரன் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று அதைப் படித்தார்.

‘மேற்படி கோயிலில் தினமும் மாலையில் ஓதுவாரால் பதிகம் பாடப்படுவதாகத் தெரிகிறது. ஆனால் அது கேட்கப்படுவதாகச் சான்று ஏதும் இல்லை. கேட்கப்படாத பாட்டைப் பாடப்பட்டதாகக் கருத இயலாது. எனவே தொடர்ந்து முப்பது நாட்களுக்குக் கேட்டவர் கையொப்பம் பெற்று அனுப்புக. தவறினால் ஓதுவார் பணியிடம் ரத்து செய்யப்படும்.’

ஓதுவார் அம்பலவாணன் கையில் தாளத்தோடு அப்படியே நின்றார். இருபத்திரண்டு வருஷமாக அதே மண்டபத்தில் நின்று பாடுகிறவர். தீபாராதனை முடிந்ததும் கூட்டம் திருநீற்றை வாங்கிக்கொண்டு, டிவி தொடர் தொடங்குவதற்குள் வீடு போய்ச் சேரப் பறக்கும். அதற்குப் பிறகுதான் அவர் தொடங்குவார். எதிரே ஆள் இல்லை என்று அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் அங்கே நின்று பாடாத ஒரு மாலையை அவரால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

“சாமி கேக்குறாருங்களே, சார்.”

“கேக்குறாரு, யாரு இல்லன்னா? கையெழுத்து போடுவாரா?”

அம்பலவாணன் கருவறைப் பக்கம் பார்த்தார்.

“போட்டாலும் செல்லாது ஓதுவாரே. பாட்டே அவரப் பத்தினது. சம்பந்தப்பட்ட நபருன்னு தள்ளிடுவாங்க.”

இதே நேர்மையான விதிப்படி, ஓதுவாரின் மனைவி பங்கஜவல்லியும் நெருங்கிய உறவினர் என்று தள்ளப்பட்டார். அந்த அம்மாளுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

‘கேட்டவர் பதிவேடு’ ஒன்று தடித்த அட்டை போட்டுத் திறக்கப்பட்டது. முதல் கையெழுத்து, வயலுக்கு மோட்டார் போட்டுவிட்டு வந்திருந்த சிதம்பரநாதனுடையது.

“பதிகம் முடியிற வரைக்கும் நிக்க முடியாதுங்க. தண்ணி வரப்பு தாண்டிடும். இப்பயே போட்டுடுறேன்.”

போட்டார். குறிப்பு என்ற கட்டத்தில் ‘மிக நன்றாக இருந்திருக்கும்’ என்றும் எழுதினார். இந்தத் தொலைநோக்கைக் குணசேகரன் வெகுவாகப் பாராட்டினார். மறுநாள் வந்தவர் பதிகத்தைச் சுருக்கமாகப் பாட முடியுமா என்று விசாரித்தார். அதற்கு மறுநாள் யாருமே வரவில்லை. கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் குணசேகரன்.

நான்காம் நாள், கவலையில் அம்பலவாணனுக்கு ஒரு வரி தப்பிவிட்டது. பாடி முடித்ததும் வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“ஐயா, மூணாவது பாட்டுல ஒரு வரிய முழுங்கிட்டீங்க.”

அவர் ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தார். மதிலை ஒட்டி, காலிக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அஞ்சுகம் உட்கார்ந்திருந்தாள். காரைக்கால்மேட்டுக்காரி. கோட்டுச்சேரித் தெருக்களில் மீன் விற்றுவிட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்.

“நீ கேக்குறியாம்மா?”

“ஆறு வருஷமா கேக்குறேன். நீங்க முடிச்சப்பறந்தான பஸ்ஸே வருது.”

அம்பலவாணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆறு வருஷமாகத் தன் பாட்டுக்கு ஓர் ஆள் இருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

“உள்ள வந்து ஒக்காரக் கூடாதா?”

“மீன் கூடையோடயா? குருக்கள் மறுபடி குளிக்கணும்பாரு. காது இங்கேருந்தே எட்டுதுங்கய்யா.”

அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்தால் அவள் தினமும் கையெழுத்துப் போட்டாள். குறிப்புக் கட்டத்தையும் விடவில்லை. ‘சளி.’ ‘இன்னைக்கு ஓட்டம் அதிகம்.’ ‘அழுக வந்துச்சி.’ அந்த முப்பது நாட்களும் அம்பலவாணன் பாடியதுபோல் அதற்கு முன் பாடியதில்லை. காலையிலிருந்தே வெந்நீராகக் குடித்துத் தொண்டையைக் காப்பாற்றினார். தெருவில் நடக்கும்போதே சிரித்துக்கொண்டு போனார்.

முப்பத்தோராம் நாள், பிரிவின் தலைவர் சிவநாதன் மற்ற ஆறு பேரோடு இரண்டு காரில் ஆய்வுக்கு வந்தார். அம்பலவாணன் உருகிப் பாடிக்கொண்டிருந்தார். ஏழு தலைகளும் பதிவேட்டின் மேல் கவிந்திருந்தன. சிவநாதன் கையை உயர்த்தினார்.

“ஓதுவாரே, கொஞ்சம் நிறுத்துறீங்களா? சத்தத்துல படிக்க முடியல.”

பாட்டு நின்றது. ஆய்வு செம்மையாக நடந்தது.

“முப்பது நாளும் ஒரே அம்மா,” என்றார் சிவநாதன், குரல் தழுதழுக்க. “அதுவும் மதிலுக்கு வெளிய ஒக்காந்து. இவ்வளவு பெரிய பொறுப்ப ஒரு ஏழையோட காதுல ஏத்துறது நியாயமா? இதுக்கு நிரந்தரமா ஒரு ஆள் வேணும்.”

இப்படித்தான் ‘கேட்பவர்’ என்ற பணியிடம் உதயமாயிற்று. ஆனால் புதிதாக ஒரு பணியிடம் வேண்டுமென்றால் பழைய பணியிடம் ஒன்றை அரசிடம் ஒப்படைத்தாக வேண்டும் என்பது விதி. எதை ஒப்படைப்பது? மடைப்பள்ளி இல்லாவிட்டால் பிரசாதம் இல்லை. காவல் இல்லாவிட்டால் உண்டியல் இல்லை. பதினைந்து நாளில் ஆணை வந்தது. ஓதுவார் பணியிடம் ஒப்படைக்கப்பட்டு, கேட்பவர் பணியிடம் உருவாக்கப்படுகிறது. தகுதி: பண்களில் தேர்ச்சி, அதற்கான சான்றிதழ். அஞ்சுகம் படித்தது அறிவொளி வகுப்பு மட்டும். சான்றிதழோடு ஊரில் இருந்தவர் அம்பலவாணன் ஒருவர்தான். அவரையே நியமித்தார்கள். பணி நேரத்தில் பாடுவதற்குத் தடை.

“அப்ப யாருங்க சார் பாடுவா?” என்று குணசேகரனிடம் கேட்டார்.

“அது வேற ஃபைலு ஓதுவாரே. மன்னிச்சுக்கங்க, கேட்பவரே.”

மண்டபத்தில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். முதல் மாலை, உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கேட்டார். கேட்க ஒன்றும் இல்லை. இரண்டாம் மாலை தன்னையறியாமல் முணுமுணுத்துவிட்டார். மெமோ கிடைத்தது. மூன்றாம் மாலை வாசலிலிருந்து குரல் வந்தது.

“என்னங்கய்யா, தொண்ட கட்டிக்கிச்சா?”

அவர் போய் விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். அஞ்சுகம் கூடையை நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நீங்க பாடுனாதான குத்தம்? போயி நாக்காலியில ஒக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பதிகம் எழுந்தது. மத்தி, நெத்திலி என்று மூன்று தெரு தாண்டிக் கேட்கும்படி கூவிப் பழகிய குரல். பண் அப்படியே இருந்தது. நான்காவது பாட்டில் அவர் வழக்கமாக மூச்சு வாங்கும் இடத்தில் அவளும் மூச்சு வாங்கினாள். இத்தனை வருஷமாகச் சாமி கேட்டது என்னவென்று அம்பலவாணன் அன்றைக்குத்தான் கேட்டார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. பதிவேட்டை இழுத்து, ‘கேட்டேன். முழுமையாகக் கேட்டேன். ஒரு வரியும் விடவில்லை’ என்று எழுதினார்.

அவள் தினமும் பாடினாள். அவர் தினமும் எழுதினார். மாதக் கடைசியில் பதிவேடு மேலே போயிற்று. அடுத்த ஆணை வந்ததும் குணசேகரன் மறுபடி செருப்பைக் கழற்றினார்.

‘ஓதுவார் பணியிடம் இல்லாமலேயே பதிகம் செவ்வனே பாடப்படுவது தெரிய வருகிறது. அப்பணியிடம் தேவையற்றது என்ற இப்பிரிவின் முடிவு இதனால் உறுதியாகிறது. முன்னர், கேட்பவர் பணியிடம் இல்லாமலேயே முப்பது நாட்கள் பதிகம் செவ்வனே கேட்கப்பட்டதும் பதிவேட்டில் உள்ளது. ஆகவே அப்பணியிடமும் தேவையற்றதாகி ரத்தாகிறது. இவ்வுண்மைகளை வெளிக்கொணர்ந்த கண்காணிப்புப் பிரிவின் ஏழு பணியிடங்களும் இன்று முதல் நிரந்தரமாக்கப்படுகின்றன.’

அம்பலவாணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். இனி அதில் உட்காரவும் அவருக்கு உரிமை இல்லை.

“ஒண்ணு கேக்கலாங்களா, சார்? பாடுறதும் கேக்குறதும் ஆளு போடாமயே நடக்குது. அது நடக்குதா இல்லியான்னு பாக்க ஏழு பேரு எதுக்குங்க?”

குணசேகரன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அவங்க ஏழு பேரும் இல்லன்னா, நீங்க தேவையில்லன்னு யாரு கண்டுபிடிச்சிருப்பா ஓதுவாரே?”