பனி தவறிய வருஷமும் பனிக்காரரும்

சேலம் ஜில்லாவிலேயே சூரியனை நேருக்கு நேர் நின்று ‘டேய்’ என்று அதட்டியவர் ஒருவர்தான். வெண்ணந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரர். அவருடைய பெயர் எங்கள் தாலுக்கா ஆபீஸ் ரிகார்டுகளில் எங்கேயாவது இருந்திருக்கும். அங்கே குமாஸ்தாவாக இருந்த எனக்கும் என் சகாக்களுக்கும் அவர் ‘பனிக்காரர்’.

ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு கொள்ளும் அவரையும் பனியைக் குடித்துத்தான் பூத்துக் காய்க்கும். மார்கழியில் பனிக்காரர் விடிகிற வேளையில் ஒரு துண்டைக் கொள்ளுச் செடிகள்மேல் இழுத்தபடியே காட்டைச் சுற்றிவருவார். அதைச் சொம்பில் பிழிவார். சொம்பு நிறைந்தால் அன்று ஊருக்கு நிம்மதி. அரைச் சொம்பு என்றால் எதிரே வருகிற முதல் ஆளுக்கு வசவு. அந்த ஆள் யார், என்ன செய்தான் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. ஆனால் மார்கழி பிறந்தும் குளிர் வரவில்லை. ஜனங்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் படுத்தார்கள். பனி என்று ஒரு சொட்டு இல்லை. கொள்ளுப் பூக்கள் கருகி உதிர்ந்தன. துண்டும் காய்ந்தே இருந்தது. அவர் சூரியனை அதட்டியது அப்போதுதான். சூரியன் மசியவில்லை என்றதும் எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

வாரா வாரம் பருவ அறிக்கை எழுதுவது என் வேலை. மழை எவ்வளவு என்று ஒரு கட்டம், பயிர் எப்படி என்று ஒரு கட்டம். மழை நிறையப் பெய்திருந்ததால் எங்கள் ஹெட்கிளார்க், காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர், ‘பயிர் நன்று’ என்று எழுதச் சொல்லிவிட்டார். பயிர் நன்றாக இருந்தால் மாட்டுக்குக் கொள்ளுக்கொடி இருக்கும். அப்புறம் எதற்குப் போதமலை அடிவாரத்துச் சர்க்கார் வனத்தை மேய்ச்சலுக்குத் திறந்துவிட வேண்டும்? சுற்றுப்பட்டு ஊர்கள் போட்ட மனுக்களெல்லாம் அந்த ஒரே சொல்லால் தள்ளுபடி. எழுதிய கை என்னுடையது. எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

பனிக்காரர் காலிச் சொம்பை மேஜைமேல் கவிழ்த்தார்.

“ஏனுங்க, மழைக்குக் கட்டம் போட்டிருக்கறீங்க. பனிக்குக் கட்டம் எங்கீங்க?”

“பனியெல்லாம் சர்க்கார் விஷயமில்லை, போய்யா!” என்றார் ஹெட்கிளார்க்.

“அப்ப மாடு சாவறது யாரு விசயமுங்க?”

ஹெட்கிளார்க் சேவகனைக் கூப்பிட்டு அவரை வெளியே தள்ளச் சொன்னார். தள்ளினார்கள்.

மறுநாள் காலை ஆபீஸ் வராந்தாவில் விலா எலும்பு தெரிய நான்கு எருதுகள் நின்றன. பனிக்காரர் தூணில் கயிற்றைக் கட்டிக்கொண்டே ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

“காட்டுல தீனி இல்லீங்க. உங்க காயிதத்துல பயிர் அமோகமா வெளஞ்சிருக்குதாமா! அதையே தின்னட்டும்!”

எருதுகளில் ஒன்றுக்கு அது உத்தரவாகவே பட்டிருக்க வேண்டும். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய அறிக்கையை இழுத்து, அரக்கு முத்திரையோடு மென்றது. ஹெட்கிளார்க் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். அவருக்குக் கிடைத்தது கையெழுத்து போடுகிற இடம் மட்டும்தான்.

சத்தம் கேட்டுத் தாசில்தார் வெளியே வந்தார். “உன்னை ஜெயிலில் போடுவேன்!”

“போடுங்க. மாட்டையும் சேத்துப் போடுங்க, அங்கயாச்சும் தீனி போடுவீங்க. அதுக்கு முந்தி ஒருக்கா காட்டுக்கு வாங்க. பூட்ஸைக் கழட்டிப்போட்டு நடங்க. காலு நனைஞ்சுதுன்னா இந்தத் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க.”

தாசில்தாருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த நாள் விடிகாலையில் வெறுங்காலோடு கொள்ளுக்காட்டில் இறங்கினார். பின்னால் நானும் ஹெட்கிளார்க்கும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தோம். கணுக்கால்வரை புழுதி. தாசில்தார் தப்பித்தவறிப் பிடித்திருந்த ஒரு காயைப் பறித்துப் பிதுக்கினார். உள்ளே ஒன்றுமில்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. பனிக்காரர் தன் துண்டைச் செடிகள்மேல் இழுத்து உதறிக் காட்டினார்; புழுதிதான் பறந்தது.

“பயிர் பொய்த்தது என்று எழுதும்” என்றார் தாசில்தார். எழுதினேன். கட்டம் இல்லாததால் ஓரத்தில் ‘பனி: இல்லை’ என்று நானாகவே சேர்த்தேன். பத்தே நாளில் அடிவார வனத்தைத் திறந்தார்கள். ஆறேழு ஊர் மாடுகள் பிழைத்தன. அவருடைய நான்கு எருதுகளில் மூன்றுதான் அதுவரை உயிரோடு இருந்தன.

மேலிடத்திலிருந்து எனக்கும் ஒன்று வந்தது. படிவத்தின் ஓரத்தில் அதிகப்பிரசங்கித்தனமாக எழுதியதற்கு விளக்கம் கேட்டு மெமோ. அது எப்படியோ காதுக்கு எட்டி, பனிக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“எவனுங்க உங்களக் கேள்வி கேட்டவன்? சேலத்துலதான இருக்கறான்? நடந்தே போயி ரெண்டுல ஒண்ணு பாத்துப்போட்டு வாரேன்.”

“ஐயோ, வேண்டாங்க. வேலை போய்விடும்.”

“நீங்க நெசத்தத்தான எழுதுனீங்க, சாமி!” என்றார். சொல்லிக்கொண்டே சேலத்துக்குக் கிளம்பிவிட்டார். அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

முப்பது வருஷ உத்தியோகத்தில் என்மேல் கோபப்பட்டவர்கள் நிறைய. எனக்காகக் கோபப்பட்டவர் அவர் ஒருவர்தான்.