மயில்வாகனத்துக்குப் புரையேறிய விவகாரம்

கெலிஓயா,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தி வீரசிங்கம் ஐயா அவர்களுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் இங்கு யாவரும் சுகம், மழைதான் கொஞ்சம் அதிகம். அங்கும் எல்லோரும் சுகமென்று நம்பி, பெண்ணைக் கொடுக்கப்போகும் தகப்பன் பேசக்கூடாத ஒன்றைப் பேசத் துணிந்து இதை எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, "கலியாணத்துக்குப் பிறகு பிள்ளை வீரசிங்கம் எண்டுதானே பேர் போடவேணும்" என்றீர்கள். நானும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. மகள் பாலாம்பிகை பேராதனையில் மூளையை ஆராய்கிறாள் அல்லவா, அதிலும் நாம் விழுங்குவதை மூளையின் எந்த இடம் பார்த்துக்கொள்கிறது என்பதுதான் அவள் துறை. நாற்பது கட்டுரைக்கு மேல் எழுதிவிட்டாள். அவள் எழுதியதை இன்னொருவர் தன் கட்டுரையில் பேர் சொல்லிக் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். அது எத்தனை என்பதில்தான் அவர்கள் உலகத்தில் மதிப்பே. இவளுக்கு இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. இதில் சூட்சுமம் என்னவென்றால், அங்கே குடும்பப் பெயர் என்று தகப்பன் பெயரைத்தான் முன்னால் போடுகிறார்கள். 'மயில்வாகனமும் மற்றவர்களும்' என்று. ஐயா, அந்த மயில்வாகனம் நான்தான்.

பஸ் நிற்கும் இடத்தில் ஸக்கியா என்ற பிள்ளை நடத்தும் கொமியூனிகேஷன் கடைக்குப் போய், இன்டர்நெட் போட்ட கம்பியூட்டரில் பார்த்தேன். மயில்வாகனம் கூறுவதுபோல என்கிறார் ஒரு ஜப்பான்காரர். பிரேசிலில் ஒரு அம்மா மயில்வாகனத்தை அப்படியே ஆமோதிக்கிறார். நானோ கண் ஒப்பரேஷனுக்குக் கொழும்பு போனதோடு சரி. நோர்வேக்காரன் ஒருவன் மட்டும் மயில்வாகனம் சொல்வதை ஏற்க முடியாது என்று எழுதியிருந்தான். எனக்கு வந்ததே கோபம், பதில் எழுதியே தீருவேன் என்று நின்றேன். "திட்டினாலும் அது மேற்கோள்தாம்பா, அதையும் சேர்த்துக்குவாங்க" என்றாள் மகள். அவளுக்கு எச் இன்டெக்ஸ் பத்தொன்பது என்றும் சொன்னாள்; அதுவும் மேற்கோளை வைத்துப் போடும் ஒரு கணக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. நான் அதை ஓ.எல். பரீட்சைச் சுட்டெண் என்று நினைத்து, ரிசல்ட் பார்த்துத் தரும்படி ஸக்கியாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தப் புரையேற்றம். யாராவது நம் பேரைச் சொன்னால் புரையேறும் என்பது தெரிந்த சங்கதிதானே. காலையில் ரொட்டி தின்னும்போது ஏறினால் ஜப்பான், பகல் சோற்றில் ஏறினால் பிரேசில். சாப்பிடும்போது பேசினால் மூச்சுக்குழாயை மூட மூளைக்கு அவகாசம் இல்லையாம், இதைப் பற்றியே மூன்று கட்டுரை வந்திருக்கிறதாம், மகள் சொல்கிறாள். அந்தக் கட்டுரை யாருடையது? மயில்வாகனத்தினுடையது. எனக்கே பாடம் நடத்துகிறாள். என் மனைவி அழகம்மாவோ ஒவ்வொரு தடவையும் உச்சந்தலையில் ஓங்கித் தட்டி, "வாயை மூடிக்கிட்டுத் தின்னுங்க, ஜப்பானும் வராது ஒன்னும் வராது" என்கிறாள். தட்டுகிற வேகத்தைப் பார்த்தால் புரைக்கு மட்டும் தட்டுவதாகத் தெரியவில்லை.

சிரிக்காதீர்கள் ஐயா. எங்கள் அப்பா மூக்கையாவை மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் ஆயுசு பூராவும் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவர் எனக்கு ஆசையாக வைத்த பேர் இன்று கடல் தாண்டிப் போய்விட்டது, நினைத்தாலே சந்தோஷத்தில் கண் கலங்குகிறது. இப்போது அதை மாற்றினால், தேடிப் பார்க்கிற ஜப்பான்காரர் மயில்வாகனம் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றல்லவா நினைப்பார்? உங்கள் பக்கம் எத்தனை பேர் வந்தாலும் இலை போடுகிறேன், பேரை மட்டும் விட்டுக்கொடுங்கள்.

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசி. கட்டுக்கலைப் பிள்ளையார் நம் இரண்டு வீட்டையும் ஒரே வீடாக்கி வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஊருலகம் உச்சரிக்கும்
மயில்வாகனம்

பி.கு.: தபாலில் போடுமுன் மகள் இதை வாசித்துவிட்டாள். பேரை எத்தனை தரம் மாற்றினாலும் ஒரு மேற்கோளும் தொலையாதாம். ஆராய்ச்சி செய்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டாம், பழைய பேர் புதுப் பேர் எல்லாம் அதன் கீழ் வந்துவிடுமாம். ஆகவே மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். அடுத்த கட்டுரையிலிருந்து வீரசிங்கமும் கிடையாது, மயில்வாகனமும் கிடையாது; அழகம்மா என்று போடப்போகிறாள். "கண்டியில டியூஷன் வாசல்ல, மழையில குடையைப் பிடிச்சிக்கிட்டு நின்னது யாருப்பா?" என்று கேட்டாள். இனி நீங்களும் நானும் ஒரே கட்சி ஐயா.

இன்று பகல் சாப்பாட்டில் அழகம்மாவுக்குப் புரையேறிவிட்டது. நான்தான் தலையில் தட்டினேன், மெதுவாக.