ஏ நீலத்துண்டு, வெளிய வா!

உலகத்தில் மீனுக்கு விசில் அடித்த ஒரே மனிதர் எங்கள் மேலகரத்தில்தான் இருக்கிறார். வேறு எங்காவது ஒருவர் இருந்தால் எனக்குத் தெரியாது. அந்த வீட்டுக்காரர்கள் பாவம்.

பெயர் விசில் அண்ணாச்சி. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். போலீஸில் ஏட்டாக இருந்தவர். சீசன் வந்தால் குற்றாலம் மெயின் அருவியில்தான் டூட்டி. அருவிக்கு அடியில் நிற்கிறவன் தானாக வெளியே வரமாட்டான். ரெண்டு நிமிடம் ஆனதும் விசில் ஊதி, துண்டின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவார்.

“ஏ செவப்புத்துண்டு! போதும்லே, வெளிய வா! என்னலே, அருவிய பட்டா போட்டு வாங்கிட்டியா?”

மந்திரி மச்சான் என்றாலும் ரெண்டு நிமிடம்தான். கல்யாணமான புதிதில் மதினி, அதாவது அவர் சம்சாரம், ஆசையாகக் குளிக்கப் போயிருக்கிறது. பெண்கள் பக்கம் நின்ற மதினிக்கும் விசில் அடித்தார்.

“ஏ மஞ்சச்சேலை! போதும், வெளிய வா!”

அதற்குப் பிறகு மதினி அருவிப் பக்கமே போகவில்லை. முப்பது சீசன் போய்விட்டது.

“என் டூட்டியில ஒருத்தன் ஒருத்தன அடிச்சது கிடையாது” என்பார் அண்ணாச்சி. அது உண்மைதான்.

ரிட்டயர் ஆனார். ஆறடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி, டிவி இருந்த இடத்தில் வைத்தார். பீடம் கட்டியது நான். நான் கொத்தனார். அடுத்த வீடு.

தென்காசிக் கடைக்காரர் ஆப்பிரிக்கா மீன் என்று சொல்லிக் கொடுத்தார். கலர் நன்றாக இருந்தது. குணம் சரியில்லை. ஒவ்வொன்றும் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வந்ததைக் கடித்தது. நீலமாக ஒன்று. விரல் நீளம்தான். பாதித் தொட்டி அதனுடையது. அண்ணாச்சி அதற்கு நீலத்துண்டு என்று பெயர் வைத்தார். இன்னொன்று வெளிறிப்போய், துடுப்பு கிழிந்து, மோட்டார்க் குழாய்க்குப் பின்னாலேயே ஒட்டிக் கிடந்தது. அது வெள்ளைத்துண்டு. அண்ணாச்சிக்கு அதன் மேல் உயிர்.

சண்டை வந்தால் விசில் அடிப்பார். மீன் கேட்காது. உடனே ஒரு பிடி இரையை அள்ளிப் போடுவார். சண்டை நிற்கும். “பாத்தியாலே, விசிலுக்கு மரியாதைய!” என்பார். பத்து நாளில் மீன்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சண்டை போட்டால் சாப்பாடு. பசிக்கும்போதெல்லாம் சண்டை போட்டன.

அப்புறம் கல்லை மாற்றச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னைக் கூப்பிடுவார்.

“எவனுக்கும் நிரந்தர இடம் கிடையாதுலே. எல்லாத்தையும் கலைச்சு அடுக்கு.”

கலைத்து அடுக்குவேன். மீன்கள் முழித்துக்கொண்டு நிற்கும். ரெண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் நீலத்துண்டு புதுக் கல்லுக்குக் குடிபோய்விடும். பால் காய்ச்சாத குறைதான். நானும் எத்தனையோ வீடு கட்டியிருக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் எவரும் குடிவந்ததில்லை.

ரெண்டு மீன் செத்தது. மதினிதான் கறிவேப்பிலை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தது. கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னது.

“இது வீடா, சுடுகாடா? இன்னும் ஒண்ணு கடிபட்டுச் செத்துச்சுன்னா தொட்டி இங்கன இருக்காது. சொல்லிட்டேன்.”

மதினி சொன்னால் சொன்னதுதான். அண்ணாச்சி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் ஓடி வந்தார்.

“ஏலே, சீசன் கூட்டத்துல எவனாவது சண்டை போட்டுப் பாத்திருக்கியா?”

“இல்ல அண்ணாச்சி.”

“ஏன்? கைய ஓங்க இடம் இருக்காது!”

இன்னும் இருபது மீன் வாங்கித் தொட்டியில் விட்டார். அது பலித்தது. நீலத்துண்டு ஒன்றைத் துரத்தும். பாதி வழியில் வேறொன்று குறுக்கே வரும். எதைத் துரத்தினோம் என்று அதற்கு மறந்துவிடும். ஒரு மாதம் கடி இல்லை. அண்ணாச்சி தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

அப்புறம் ஆடிக்காற்று. மரம் சாய்ந்து கரண்டுக் கம்பி அறுந்தது. காலையில் போன கரண்டு வரவில்லை. காற்று மோட்டார் நின்றுவிட்டது. அவ்வளவு மீனுக்குத் தண்ணீரில் மூச்சு போதவில்லை. மத்தியானம் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன.

அண்ணாச்சி சுவரேறிக் கத்தினார். ஓடினேன். தொட்டித் தண்ணீரையே செம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். தண்ணீர் விழுந்து நுரைத்தால் கொஞ்சம் காற்று சேரும். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மதினியும் அடுக்களையிலிருந்து ஒரு செம்போடு வந்தது.

மீன்கள் எல்லாம் அந்தத் தண்ணீருக்கு அடியில் வந்து நின்றன. நீலத்துண்டும் வெள்ளைத்துண்டும் ஒட்டி ஒட்டி நின்றன. கடிக்கவில்லை. அண்ணாச்சி அதைப் பார்த்தார். பழக்க தோஷம். விசில் அடித்துவிட்டார்.

“போதும்! அடுத்த ஆளு வா!”

“மூச்சு வாங்க வந்தத வெளிய போகச் சொல்லுதீங்களே, மனுசனா நீங்க?” என்றது மதினி. “ஊத்துங்க!”

சாயந்தரம் கரண்டு வந்தது. நீலத்துண்டு மட்டும் போய்விட்டது. மற்றது எல்லாம் பிழைத்தது.

“இது கடிபட்டுச் சாகல. விட்டுருதேன்” என்றது மதினி.

அண்ணாச்சி நீலத்துண்டுக்காக வருத்தப்பட்டார். வெள்ளைத்துண்டுக்காகச் சந்தோஷப்பட்டார். அது நாலே நாள். வெள்ளைத்துண்டு குழாயை விட்டு வெளியே வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நீலம் ஏறியது. இந்த மீனில் பெரியாள் ஆகிறதுக்குத்தான் அந்த நிறம் வருமாம். பழைய நீலத்துண்டின் கல்லில் போய் உட்கார்ந்தது. முதல் வேலையாக ஒரு மஞ்சள் மீனைக் கடித்துக் கொன்றது.

“ஏலே, இவனா? இவனுக்காகத்தானே நான் இவ்வளவு பாடும் பட்டேன்?”

அதைப் பிடித்து வாளியில் தனியாக விட்டேன். மூன்று நாளில் தொட்டிக்குள் வேறொன்று நீலமானது.

அண்ணாச்சி விசிலைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“எத்தனையத்தான் வெளிய எடுக்க? எடுக்க எடுக்க அடுத்தவன் நீலமாவுதான். எடுத்துட்டுப் போலே எல்லாத்தையும்.”

கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மதினியும் சொன்னது. சாயந்தரம் தண்ணீரை இறைக்கச் செம்போடு போனேன். வாளியில் கிடந்ததையும் தொட்டியில் விட்டேன். இறைத்த தண்ணீரை ஊற்ற வாளி வேண்டுமே.

மதினி தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

“கொத்தனாரே, கடைசியா ஒரு தடவ அன்னைக்கு மாதிரி ஊத்துங்க.”

ஊற்றினேன். மீன்கள் வந்தன. நீலம், மஞ்சள், எல்லாம். ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு அடியில் நின்றன. மதினி சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீர் விழுகிற இடத்தில் கையை நீட்டியது. அப்படியே வைத்திருந்தது.

அண்ணாச்சி திரும்பினார். கை தானாகப் பைக்குள் போனது. விசிலை வாயில் வைத்தார். ரெண்டு நிமிடம் ஆகியிருக்கும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மதினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

“ஊத்துலே” என்றார்.

தொட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. சண்டையும் நிற்கவில்லை. கறிவேப்பிலை மரம் நன்றாகத் தழைக்கிறது. சாயந்தரம் வேலை முடிந்து வந்ததும் கூப்பிடுவார்கள். போய் ஊற்றுகிறேன். அந்த நேரம் மட்டும் கடி கிடையாது. நாள் முழுக்கச் செங்கல் தூக்கின கை. கடுக்கத்தான் செய்கிறது. அவர் விசில் அடிக்கட்டும், நிறுத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.