குடுமி வைத்த டிரைவர்

அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பிய பஸ்களிலேயே மிகச் சிறந்த பஸ் எங்கள் தெருவில் ஓடியதுதான். அதன் டயர் வெடித்ததில்லை, ரேடியேட்டர் கொதித்ததில்லை. ஒரே ஒரு முறைதான் வழியில் நின்றது.

நான் பின்னாளில் பாலிடெக்னிக்கில் இயந்திரங்களைப் பற்றிப் படித்தவள். இன்ஜின் இல்லாமல் எந்த வண்டியும் ஓடாது என்று எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்த பஸ்ஸின் பாகங்கள் இவ்வளவுதான்: முனைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கயிறு, அதற்குள் என்னையும் சேர்த்து ஏழெட்டுப் பிள்ளைகள், முன்னால் வேட்டியை மடித்துக் கட்டி, வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு ஓடும் ஒரு முழு மனிதர்.

தறி நெய்பவர்தான். ஆனால் தெருவே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிட்டது. வீட்டில் பேசுவது தெலுங்கு. கயிற்றைப் பிடித்துவிட்டால் தமிழ்தான். கேட்டால், "திருச்சுழி பஸ்ஸு தெலுங்குலயா போவுது?" என்பார். வேப்பமரம் பந்தல்குடி, தண்ணீர்க் குழாய் திருச்சுழி, தெருக்கோடி நரிக்குடி. பந்தல்குடி வேறு திசையில் இருக்கிறது என்று சொன்ன ஒருவனை அங்கேயே இறக்கிவிட்டார்.

இத்தனையும் அவர் மகள் சரசுவுக்காக. ஐந்து வயது. காலில் ஒரு குறையும் இல்லை, டாக்டரே சொல்லிவிட்டார். நடப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வாசற்படியிலிருந்து அம்மா இடுப்புக்கு, இடுப்பிலிருந்து வாசற்படிக்கு. பள்ளிக்கூடமோ நாலு தெரு தள்ளி. டிரைவரின் அண்ணன் தீர்ப்பே சொல்லிவிட்டார்: பள்ளி திறப்பதற்குள் தானாக நடந்தால் சரி, இல்லையென்றால் ராட்டையில் உட்கார்ந்து நூல் சுற்றட்டும். அந்த வீட்டில் அண்ணன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

டிரைவர் ஒருநாளும் மகளை ஓடச் சொன்னதில்லை. "ஓடுன்னா பிள்ளை ஓடுமா? நாம ஓடணும், அது பின்னால வரும்" என்பார்.

சரசு வரவில்லை. சரி என்று கண்டக்டர் உத்தியோகம் கொடுத்து, விசிலும் வாங்கிக் கொடுத்தார். அவள் படியில் உட்கார்ந்தபடியே ஊதினாள். பஸ் தெருவெல்லாம் ஓடி நாக்குத் தள்ளியது. கண்டக்டர் முறுக்குத் தின்றாள்.

பள்ளி திறக்கும் வாரம் வந்தது. அன்று அண்ணன் தெருவில் பாவு போட்டிருந்தார். தறியில் ஏற்றுவதற்கு முன் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைப்பதுதான் பாவு. அதன் அருகே போகும்போது காற்றுகூட யோசித்துத்தான் போகும். நாங்கள் கிளம்பிய சிறிது தூரத்தில் எதிரே ஒரு மாட்டுவண்டி. வழி விடுவதுதானே டிரைவருக்கு அழகு? ஒதுங்கி, பாவுக்கு அடியில் குனிந்தார். நாங்கள் நுழைந்துவிட்டோம். அவருடைய குடுமி நுழையவில்லை. நூலில் சிக்கிக்கொண்டது.

"அசையாதலே. ஒரு இழை அறுந்தாலும் நீதான் முடிச்சுப் போடணும்" என்று அண்ணன் ஓடிவந்து, ஒவ்வொரு முடியாகப் பிரிக்க ஆரம்பித்தார். டிரைவர் மண்ணைப் பார்த்தபடி குனிந்து நின்றார்.

விசில் ஊதியது. பஸ் கிளம்பவில்லை. மறுபடி ஊதியது. கிளம்பவில்லை. கண்டக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. படியிலிருந்து இறங்கி விறுவிறுவென்று வந்து, அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். "டிரைவரு இல்லேன்னா வண்டி போகாதா?" என்று கேட்டுவிட்டுக் கயிற்றின் முன்பக்கம் புகுந்து இழுத்தாள் பாருங்கள், அந்த வேகத்தில் நான் கீழே விழுந்தேன். விழுந்ததால்தான் மீதியைக் கேட்க முடிந்தது.

"அண்ணே, யாருண்ணே ஓட்டுறது?"

"ஒம் மகதான்."

"நடக்குறாளா, ஓடுறாளா?"

"பந்தல்குடி தாண்டிட்டா."

"நிக்கலையே?"

"திருச்சுழியிலயும் நிக்கல."

டிரைவர் தலையைத் திருப்பப் பார்த்தார். அண்ணன் குடுமியை விடவில்லை.

"இப்ப எங்கண்ணே?"

"நரிக்குடி போயித் திரும்பிட்டா. பஸ்ஸு நெறையக் கூட்டம்."

டிரைவரின் முகத்துக்கு நேர் கீழே மண்ணில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது. கஞ்சிதான் என்றார். அண்ணன் கடைசி இழையைப் பிரித்துவிட்டு, "சிலேட்டு வாங்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

நான் இப்போது நிஜ பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். வழியில் வண்டி காரணமில்லாமல் நின்றுவிட்டால் மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நான் எழுந்து, டிரைவருக்குக் குடுமி இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறேன்.