டி பிளாக்கில் பிங் நானூறு

சந்தாபுரா,
21.10.2005, வெள்ளிக்கிழமை

ஸ்ரீராம்புரம் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளரும் என் அம்மாவின் அண்ணனுமான நாராயணசாமி மாமா அவர்களுக்கு, கல்லூரி விடுதி டி பிளாக் முப்பத்தோராம் நம்பர் அறையிலிருந்து மருமகன் பிரகாஷ் வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். மெஸ் சாம்பார் நலமில்லை. உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன், ஏனென்றால் திங்கட்கிழமை அந்த முட்டிக்கு வேலை இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்று சங்கத்தில் எல்லாரையும் விரட்டுகிறவர் நீங்கள்தான், அதனால் எழுதுகிறேன். முதலில் விஷயம்: எங்கள் விடுதியைக் கூட்டுகிற தனக்கோடி அக்காவைத் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செய்யாத தப்புக்கு. செய்தது யார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கொடியோடு பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு காலை ஒன்பது மணிக்கு இங்கே வர வேண்டும்.

இங்கே இரண்டு பிளாக். ஏ பிளாக்கில் பணம் கட்டி சீட் வாங்கியவர்கள், டி பிளாக்கில் மார்க் எடுத்து சீட் வாங்கிய நாங்கள். நடுவில் பி, சி எங்கே என்று கேட்காதீர்கள், அதற்கு அடிக்கல் மட்டும் நாட்டியிருக்கிறார்கள். ஏ பிளாக்குக்குக் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து நேராகத் தனி ஒயர். அவர்களுக்குப் புது ஸ்விட்ச் வாங்கியபோது கழற்றிய பழசை எங்கள் காரிடாரில் மாட்டினார்கள். லைட் போடுகிற ஸ்விட்ச் இல்லை மாமா, ஒயர் செருகுவதற்குப் பதினாறு ஓட்டை உள்ள தகரப் பெட்டி. எங்கள் அறைகளின் ஒயர் எல்லாம் அதில் வந்து சேர்ந்து, ஒரே ஒயராக வெளியே போகும். அதன் வழியாகத்தான் நாங்கள் படிப்பது, விளையாடுவது எல்லாம். விளையாட்டா என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம், என் மார்க்கை அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், எல்லார் கையிலும் துப்பாக்கி. நாளைக்கு மைசூரில் ஒரு கல்லூரியோடு இன்டர்நெட் வழியாக மேட்ச். எங்கள் கல்லூரி சார்பில் டி பிளாக் ஆடுவது இதுதான் முதல் தடவை, அதுவும் போன மாதம் ஏ பிளாக்கைத் தோற்கடித்துவிட்டுப் போகிறோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஆயுத பூஜை வரைக்கும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பூஜைக்கு வார்டன் வெங்கடகிருஷ்ணன் தன் ஸ்கூட்டருக்கும் ஏ பிளாக் ஜெனரேட்டருக்கும் பூசணிக்காய் உடைத்தார், எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் பிளாக்கில் ஆயுதம் என்று இருப்பது அந்த ஒரு பெட்டிதான், அதற்கும் இல்லையா என்று எனக்குக் கோபம் வந்தது. நானே என் பழைய பனியனால் பெட்டியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அசிங்கமாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஒயரைக்கூட அழகாக மடித்துச் சும்மா இருந்த ஓட்டையில் செருகி, மேலே சாமந்தி மாலை சுற்றி, சூடம் காட்டினேன். பொரி கடலை எல்லாருக்கும் கொடுத்தேன், தனக்கோடி அக்கா முந்தானையில் வாங்கிக்கொண்டு, "பொட்டிக்கெல்லாம் மால போடுறீங்க, நல்லா இருங்க" என்றது. அதற்குப் பிறகு லீவில் ஊருக்குப் போய்விட்டோம்.

திரும்பி வந்து விளையாட உட்கார்ந்தால் பிங் நானூறு. பிங் என்றால், நாம் ஒரு குரல் கொடுத்து எதிராளி பதில் கொடுக்க ஆகிற நேரம். நீங்கள் மாநகராட்சிக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பீர்களே, அது. ஏ பிளாக்கில் இருபது, எங்களுக்கு நானூறு, சில சமயம் பதிலே கிடையாது. நான் ட்ரிக்கரை அழுத்திவிட்டுப் பார்த்தால் நான் செத்து ரொம்ப நேரம் ஆகியிருக்கும். விடவில்லை மாமா. ஒயரை மாற்றினேன், நெட்வொர்க் கார்டைக் கழற்றித் துடைத்தேன், எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக் கடை வரை போய்ப் புது முனை வாங்கி வந்து பல்லால் ஒயரைச் சீவி மாட்டினேன், வைரஸாக இருக்குமென்று என் கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்து மறுபடி போட்டேன், அதுவும் போதாதென்று ரூம்மேட் ரித்விக்குடையதையும் அழித்தேன். அதில் அவனுடைய ப்ராஜெக்ட் இருந்தது என்று பிறகு சொன்னான். முன்னாடியே சொல்லணும் இல்லையா. இப்போது அவன் என்னிடம் பேசுவதில்லை, பக்கத்துக் கட்டிலிலிருந்து சீட்டு எழுதிக் கொடுக்கிறான். பிறகு மொட்டைமாடிக்குப் போய், சுவரோரமாகச் சந்தேகத்துக்கு இடமாக ஓடிய ஒரு கறுப்பு ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. கீழே வார்டன் வீட்டிலிருந்து அவர் மனைவி கோமளம் மாமி வெளியே வந்து, "மேல யாருப்பா அது? சீரியல்ல கல்யாணம் நடந்துண்டிருக்கு, தாலி கட்டற நேரத்துல டிவி போயிடுத்து" என்றார். நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அது கேபிள் டிவி ஒயர். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியில் பெட்டியையே உற்றுப் பார்த்தேன், உண்மை பிடிபட்டது. ஓட்டைக்கு ஒன்றாகப் பதினாறு விளக்கும் நிற்காமல் மின்னுகின்றன. எங்களுக்கு ஒன்றும் வரவில்லை, விளக்கு மட்டும் பேய் பிடித்த மாதிரி மின்னுகிறது என்றால் அர்த்தம் என்ன? எங்களுக்கு வர வேண்டியதை வேறு யாரோ உறிஞ்சுகிறார்கள். யார் தோற்றார்களோ அவர்கள். ஏ பிளாக்கின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிற சுஹாஸிடம் போய் நேராகவே கேட்டேன். "மச்சா, உங்க பெட்டி பக்கமே நான் வந்ததில்ல, வேணும்னா ஒரு தடவ வந்து பாக்கட்டுமா" என்றான். குற்றவாளியைக் கூட்டி வந்து தடயத்தைக் காட்ட நான் என்ன முட்டாளா? வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இதற்குள் மற்ற பையன்கள் வார்டனிடம் புகார் கொடுத்துவிட்டார்கள். அவர் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவுமில்லை. "கூட்டறவ துடப்பத்தால இடிச்சிருப்பா" என்றார். அவ்வளவுதான் விசாரணை. உடனே கான்ட்ராக்டருக்குப் போன், திங்களிலிருந்து வேறு ஆள். நாலு வருஷமாக எங்கள் கக்கூஸைக் கழுவுகிறவர், பையன் பத்தாம் வகுப்பு, அடுகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். நான் மனு எழுதிக்கொண்டு போனேன், வார்டன் மடித்துக் காது குடைந்தார். "நெட்வொர்க் இருக்கறது எஜுகேஷனுக்குப்பா" என்றார். அக்காவிடம் கேட்டேன். "நான் அந்தப் பொட்டிகிட்டயே போவல தம்பி. குங்குமம் வச்ச பொருள நான் எப்படித் தொடுவேன், அத வுட்டுட்டுச் சுத்திதான் கூட்டினேன்" என்றது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஏ பிளாக்காரன் தப்பு செய்வான், டி பிளாக் கஷ்டப்படும், வேலை போவது தனக்கோடி அக்காவுக்கு. நீங்கள் வந்து, உண்மையான குற்றவாளியை வார்டன் முன்னால் நிறுத்துங்கள். ஆதாரத்துக்கு நான் பொறுப்பு.

அத்தைக்கு என் வணக்கம். மமதா கணக்கில் பாஸ் ஆனாளா? முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு வாருங்கள், வார்டன் ரூம் மூன்றாவது மாடி. உங்கள் ஆசி எனக்கும், உங்கள் கொடி தனக்கோடி அக்காவுக்கும் என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
மருமகன் பிரகாஷ்

பின்குறிப்பு: சனிக்கிழமை சாயங்காலம். மாமா, கடிதத்தை மெஸ் சோற்றால் ஒட்டிவிட்டேன், இப்போ கிழிச்சு எழுதுறேன். இன்னிக்குக் கடைசி நாள்னு தனக்கோடி அக்கா காரிடார் முழுக்கக் கழுவிட்டு என்னைக் கூப்பிட்டுது. "தம்பி, அந்த மால அழுகி நாறுது. நான் தொட மாட்டேன், நீயே எடுத்துப் போட்டுடு. வர்றவளாவது மூக்க மூடாம வேல செய்யட்டும்" என்றது. நான் மாலையை இழுத்தேன். அதோட சேர்ந்து, பூஜைக்கு நான் மடிச்சுச் செருகின ஒயரும் வந்துடுச்சு. உடனே எல்லா ரூம்லயும் ஒரே கூச்சல், நெட்வொர்க் வந்துடுச்சுன்னு. சுஹாஸைக் கூட்டிவந்து காட்டினேன். அவன் ரொம்ப நேரம் சிரிச்சான். அந்த ஒயரோட இன்னொரு முனையும் அதே பெட்டியிலதான் இருந்துச்சு. வர்றது எல்லாம் ஒரு ஓட்டைல போயி இன்னொரு ஓட்டை வழியா அதுக்குள்ளயே திரும்பி வந்து, பத்து நாளா பெட்டி தன்னோட தானே பேசிக்கிட்டு இருந்திருக்கு. விளக்கு மின்னினது அதனாலதான். ஏ பிளாக் ஒண்ணும் செய்யல. செஞ்சது நான்.

அப்புறம் மேட்ச் ஆடினோம். பிங் பதினெட்டு, ஒரு தடங்கலும் இல்லை. பதினாறுக்கு ஒண்ணுன்னு தோத்தோம். அந்த ஒண்ணும் அவங்க ஆளு தவறிக் கீழே விழுந்து செத்தது.

வார்டன்கிட்ட போய் உண்மையைச் சொன்னேன். கேபிள் டிவியையும் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். அவர் சிரிச்சு, காபி கொடுக்கச் சொல்லி, "பரவாயில்லப்பா, படிக்கற பசங்க, இப்படித்தான் கத்துக்கணும்" என்றார். அப்போ அக்கா வேலைன்னு கேட்டேன். "அது வேற விஷயம். சொன்னது சொன்னதுதான். திரும்பக் கூப்பிட்டா நாளைக்கு எல்லாரும் கேள்வி கேப்பாங்க" என்றார். காபியை அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன்.

கடிதத்தை அக்கா கையிலேயே கொடுத்தனுப்புறேன். எழுதினது முழுக்க அதுக்குப் படிச்சுக் காட்டிட்டேன். "அன்னிக்கே அந்தப் பையன வந்து பாக்க வுட்டிருக்கலாமே தம்பி" என்றது. அதனால மேலே ஏ பிளாக் பத்தி எழுதின எல்லாத்தையும் அடிச்சுடுங்க. திங்கட்கிழமை ஒன்பது மணி மட்டும் அப்படியே இருக்கட்டும். பத்துப் பேர் போதாது, இருபது பேர் வாங்க. குற்றவாளியைத் தேட வேண்டாம், கேட்லயே நிப்பேன். நான் செய்யும்போது படிப்பாயிருந்தது, அக்கா செய்யாதபோதே எப்படிக் குற்றமாச்சுன்னு மட்டும் வார்டன்கிட்ட கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கித் தாங்க.