ரெண்டு பேர் அதிகம்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் ஆக இருவரும் நலம். அவ்விடம் தங்கள் நலமும் அக்காவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். போனில் சொன்னால் தங்கள் காதுக்குப் பாதிதான் போகும், மீதியை அக்கா சொந்தமாகச் சேர்த்துக்கொள்வாள் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

தாங்கள் நாலு பேரிடம் சொல்லி வாங்கித் தந்த வேலை இன்றோடு போனாலும் போகும். என் மேல் தப்பு கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் துணிக்கடையில் அளந்து கிழித்தவன் நான், ஒரு விரற்கடை கூடக் கூடிக் குறைந்ததில்லை. இங்கே வேலை என்ன பெரிய வேலை? பூமிக்கடியில் ரெண்டு ரயில் பாதை சந்திக்கிற இடம். கீழ் ரயிலில் வந்தவன் மேல் ரயிலுக்கு மாற நீளமாக ஒரு நடைபாதை, ஒருவழி. உள்ளே நுழைகிற வாயில் நான், வெளியே வருகிற வாயில் ஒரு பொண்ணு, மூக்கை விடப் பெரிய கண்ணாடி. ஆளுக்கொரு சின்ன மெஷின், தலைக்கு ஒரு அமுக்கு. எத்தனை பேர்னு தெரிஞ்சாத்தான் படிக்கட்டை அகலப்படுத்துவாங்களாம். என் கட்டை விரல்தான் இப்போ அகலமாயிருக்கு.

கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம் அத்தான். போன வாரம் செருப்பு வாரை மாட்டக் குனிஞ்சேன், நிமிர்றப்போ மேல் பிளாட்பாரத்துல நிக்கிறேன், கால் தரையில பட்டதாவே ஞாபகம் இல்லை. ஆனா சத்தம் கிடையாது. அத்தனை ஆயிரம் பேர் போறான், ஒருத்தன் தும்மறதில்லை, வெறும் செருப்புச் சத்தம் மட்டும் மணிக்கணக்கா. முதல் நாலு நாள் நானே சும்மா இருமிப் பார்த்துக்கிட்டேன், அப்புறம் பழகிடுச்சு.

ஆறு மணிக்கு என் வாயிலில் கயிறு கட்டிடுவோம். உள்ளே யாரும் தங்கலைன்னு பார்த்துக்கிட்டே கடைசி ஆளா நானும் நடந்து வெளியே வந்து, ரெண்டு மெஷினையும் பக்கத்துல வச்சுப் பார்க்கணும். அங்கதான் வந்தது வினை. உள்ளே முப்பத்தோராயிரத்து நானூத்தி ஆறுன்னா வெளியே முப்பத்தோராயிரத்து நானூத்தி எட்டு. தினம் ரெண்டு பேர் அதிகம். குறைஞ்சாக்கூட எவனாவது மயங்கி விழுந்தான்னு தேடலாம், கூடினா எங்கேன்னு போய்த் தேடுறது? நடுவுல ஒரு ஜன்னல் கிடையாது, துடைப்பம் வைக்கிற ஒரு பொந்து அறை மட்டும். நேத்து சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பெரியவரே, நாளைக்கும் கணக்கு ஒத்துப்போகலைன்னா அதோட வீட்டுல இருங்க"ன்னுட்டார்.

வீட்டுல இருக்கிறதா! கடையை விட்டு வந்த அந்த ஆறு மாசம் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியாதா அத்தான்? அவ பெருக்கும்போது காலைத் தூக்கணும், அதைத் தவிர என்னால வீட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. திரும்ப அந்த நாற்காலியை நினைச்சாலே பயமா இருக்கு.

இதுல அவ போக்கும் ஒண்ணும் புரியலை. வேலை முடிஞ்சு அலுத்துப்போய் நுழைஞ்சா, "கடைக்குப் போறேன்னு போயிட்டு வெறுங்கையோட வர்றீங்க?"ங்கறா. தட்டு வைன்னா, "இப்பத்தானே சாப்பிட்டீங்க"ங்கறா. மூணு மாசமா ஒழுகின குழாய் ஒரு நாள் சரியாயிருந்தது, யாருடி பண்ணினதுன்னா, நீங்கதான்னு சிரிக்கிறா. நீங்க இப்பல்லாம் ரொம்ப அமைதி, முன்ன மாதிரி தொணதொணக்கிறதில்லைன்னு பாராட்டு வேற. அக்கா வந்து அவளை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க.

இன்னொண்ணு. சாயங்காலக் கூட்டத்துல தினம் ஒருத்தன் முதுகை நடைபாதைக்குள்ள தூரத்துல பார்க்கிறேன், அப்படியே என் பச்சைக் கட்டம் போட்ட சட்டை. தானோட, அதாவது துணிச் சுருளோட, கடைசித் துண்டு, இனி இந்தத் துணி வராதுன்னு முதலாளியே சொல்லி எனக்குக் கொடுத்தது. எந்தக் கடையில கிடைச்சுதுன்னு கேக்கலாம்னா அதுக்குள்ள மறைஞ்சுடுறான். பின்னந்தலையில நல்ல வழுக்கை, பாவம்.

இருக்கட்டும். நேத்து தூக்கம் வராம புரண்டப்போதான் பளிச்சுனு விளங்குச்சு. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் நான்! கடைசியா நடந்து வர்றப்போ நான் என்னை அமுக்கறதில்லை, வெளியே வர்றது எதுவானாலும் அமுக்கணும்னு உத்தரவு, அதனால அந்தப் பொண்ணு அமுக்கிடுறா. இன்னொரு ஆள், காலையில எண்ண ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பொந்து அறைக்குள்ள போயிடுற கூட்டுற அம்மாவா இருக்கணும். காலையில சொன்னதும் சூப்பர்வைசரே தலையாட்டிட்டார். இன்னிக்கு என்னையும் ஒரு அமுக்கு அமுக்கிட்டு நுழையப்போறேன். தங்கள் பெயரைக் காப்பாற்றிவிட்டேன் அத்தான், வேலை நிலைத்தது.

தாங்களும் அக்காவும் குறையொன்றுமின்றி நீடூழி வாழ எல்லாம் வல்லவனை வேண்டும்,
தங்கள் அன்பு மைத்துனன்.

பி.கு.: இதை நடைபாதையின் கடைசிப் படியில், வெளி வாயிலைத் தாண்டாமல் நின்று, சுவரில் வைத்து எழுதுகிறேன், கையெழுத்தை மன்னிக்கவும். கயிறு கட்டி, என்னையும் அமுக்கிவிட்டு நடந்து வந்தேன். பொந்து அறைப் பூட்டில் துரு. கூட்டுற அம்மா ஒரு மாசமா லீவாம். அப்போ அந்த ரெண்டாவது ஆள் யாரும்மான்னு பொண்ணைக் கேட்டேன். "ரெண்டு பேரும் நீங்கதானே அண்ணே. அஞ்சே முக்காலுக்கு ஒரு தடவை, ஆறே காலுக்கு ஒரு தடவை. சுத்தி வர்றீங்கன்னு நெனச்சேன்"ங்கறா. வீட்டுக்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டு என் மனைவி, "அவர் வந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காரே, நீங்க யாருங்க?"ங்கறா, ரொம்ப மரியாதையா. பொண்ணு மெஷினைக் காட்டுறா. இன்னிக்குத்தான் அத்தான், முதல் தடவையா ரெண்டும் ஒரே எண். "கணக்கு சரியா வந்துடுச்சு அண்ணே. நீங்க வெளியே வந்தா ஒண்ணு கூடிடும். வர்றீங்களா, இல்லையா?"ன்னு கட்டை விரலை வச்சுக்கிட்டுக் கேக்கறா. இந்தக் கடிதத்தை அவளிடம்தான் தபாலில் போடக் கொடுக்கிறேன். என்ன செய்யலாம் என்று உடனே எழுதுங்கள். பதிலை வீட்டு விலாசத்துக்குப் போட வேண்டாம், அவர் பிரித்துப் படித்துவிடுவார்.